கடைமடைப் பெண்கள்: கீழத்தஞ்சை வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழத்தஞ்சை என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

பழைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பாதியை. 1991-இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997-இல் திருவாரூர் பிரிந்தது, 2020-இல் மயிலாடுதுறை பிரிந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட கீழத்தஞ்சை வந்துவிடும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம், அதனால் கடைமடை. மேட்டூரில் அணை திறந்தால் இங்கே வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டப் பல நாள் ஆகும். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தஞ்சாவூர், கும்பகோணம், திருவையாறு பக்கமும் போக வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்க முடியாது.

இங்கே வரலாறு என்றால் நிலம். யார் பெயரில் எத்தனை வேலி நிலம், யார் வீட்டுக்கு எத்தனை கலம் நெல், யாருக்கு எத்தனை மரக்கால் கூலி என்பதுதான் ஆயிரம் வருடமாக நடக்கும் பேச்சு. அதனால் இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் ஒரு விஷயத்தைத் தேடியிருக்கிறேன்: அவர் பெயர் எங்கே எழுதப்பட்டது, எங்கே எழுதப்படாமல் போனது?

இந்தப் பகுதியிலிருந்து நமக்குப் பெயர் தெரிந்த பழைய பெண் யார்?

காரைக்கால் அம்மையார். வணிகர் குடும்பத்துப் புனிதவதி. காலம் 6-ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கருத்து. அவர் கதையும் மாங்கனித் திருவிழாவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய பாட்டைப் படித்தவர்கள் குறைவு என்பது என் வருத்தம். அற்புதத் திருவந்தாதியைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னாலேயே பதிகம் பாடியவர் இவர். அதனால்தான் அவருடைய பதிகங்களுக்கு ‘மூத்த’ திருப்பதிகம் என்று பெயர். பிறந்த ஊரின் பெயரோடு சேர்த்தே இன்று வரை அவரைச் சொல்கிறோம்.

செம்பியன் மாதேவி கோயில் கட்டினார், சரி. அதனால் கிராமங்களுக்கு என்ன மாறியது?

நிறைய மாறியது. அவர் மழவரையர் மகள், கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழனின் தாய். கணவர் இறந்தபோது மகன் சின்னப் பிள்ளை. அரியணை வேறு கைகளுக்குப் போய், பல வருடம் கழித்துத்தான் மகனிடம் வந்தது. அந்த வருடங்களிலும், அதற்குப் பிறகு ராஜராஜன் காலம் வரைக்கும், இந்த அம்மா ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றிக்கொண்டே இருந்தார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல், திருவாரூர் அரநெறி, வடக்கே விருத்தாசலம் என்று பட்டியல் நீளும்.

டெல்டாவில் மலை கிடையாது, பாறை கிடையாது. வண்டல் மண்ணில் கல் என்பதே வெளியூர்ச் சரக்கு. அதைக் கொண்டுவந்து கட்டுவது என்றால் கல் தச்சர்கள், வண்டிகள், ஆள் கூலி, அத்தனை பேருக்கும் சாப்பாடு என்று ஒரு ஊரே அதைச் சுற்றி இயங்க வேண்டும். கட்டி முடித்த பிறகு விளக்கெரிக்க, பூ பறிக்க, பாட, முறை செய்ய ஆள் வேண்டும். அவர்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். ஒரு கோயில் கல்லாக மாறியதும் அந்த ஊரின் நிலக் கணக்கும் கல்லில் ஏறிவிடுகிறது. இன்று டெல்டாவின் 10-ஆம் நூற்றாண்டைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது என்றால், அதில் பெரிய பங்கு அவர் எழுப்பிய சுவர்களுக்கு உண்டு.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த காரியம் திருக்கோடிக்காவலில் நடந்தது. பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்ட வைத்தார். தனக்கு முன்னால் தானம் கொடுத்தவர்களின் பெயர் அழியக் கூடாது என்று நினைத்திருக்கிறார். புதிதாகக் கட்டுகிறவர்கள் பழைய பெயரைப் பாதுகாப்பது இன்றைக்கும் அரிதாக இருக்கிறது.

கோனேரிராஜபுரத்துக்குப் போனால் தெற்குச் சுவரைக் கவனியுங்கள். கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடுகிற மாதிரி ஒரு சிறிய சிற்பம் இருக்கும். அதன் கீழே உள்ள எழுத்து, மகன் ஆட்சி செய்யும் காலத்தில் கணவர் பெயரால் இந்தக் கற்றளியை, அதாவது கல் கோயிலை, செம்பியன் மாதேவியார் எடுப்பித்தார் என்று சொல்கிறது. பக்கத்திலேயே கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பிக்கும் உருவம் உண்டு. நாகப்பட்டினம் பக்கத்தில் அவர் பெயரிலேயே ஊர் இருக்கிறது, செம்பியன்மகாதேவி. அங்கே உள்ள கயிலாயநாதர் கோயிலில், மாமியாரின் பிறந்த நட்சத்திர நாளில் வழிபாடு நடக்க உத்தம சோழனின் மனைவிகள் நிவந்தம், அதாவது கோயில் கட்டளை, வைத்திருக்கிறார்கள். மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு!

குந்தவையை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை. அவரைப் பற்றி நாவல் படித்தவர்களுக்குக் கற்பனைக் குந்தவையை நன்றாகத் தெரியும். கல்வெட்டுக் குந்தவை அதைவிடக் காரியக்காரர். தந்தை சுந்தர சோழர் பெயரில் தஞ்சாவூரில் ஓர் ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, நடக்க ஏற்பாடு செய்தவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டச் சொன்ன வரிகளில் “நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்” என்று வரும். தனக்கு அடுத்த இடம் அக்கா குந்தவைக்கு, அதற்குப் பிறகுதான் மனைவிமார்.

அரசிகளை விடுங்கள். சாதாரணப் பெண்களின் பெயர் எங்காவது இருக்கிறதா?

இருக்கிறது. அதே பெரிய கோயிலில். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப் பாடிச் சேவை செய்த பெண்களை, ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். அவர்களில் திருவாரூர் போன்ற நம் பகுதிக் கோயில்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல். இதை ஒட்டுமொத்தமாக ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகவில்லை. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று வீடு வீடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, ஏகவீரி… வாய்விட்டுப் படித்தால் ஒரு தெருவே எழுந்து நிற்கும்.

திருவாரூரில் இன்னொரு பெயர், அணுக்கியார் பரவை நங்கையார். ராஜேந்திர சோழனுக்கு நெருக்கமானவர். தியாகராசர் கோயிலுக்குப் பொன் வேய்ந்த செலவில் இவர் பெயர் வருகிறது. அரசரும் இவரும் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைத்ததையும் கல்வெட்டு குறித்து வைத்திருக்கிறது. அரசனும் ஒரு பெண்ணும் சேர்ந்து நின்ற இடம் என்பதற்காகவே ஒரு விளக்கு.

உழுத பெண், நட்ட பெண், அறுத்த பெண்? அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. நூறு கலம் நெல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்கு ஏன் ஒரு பெண் பெயர்?

முத்தாம்பாள், இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவர். அவர் இறந்த பிறகு அவர் பெயர் நிலைக்க மன்னர் கட்டியது முத்தாம்பாள் சத்திரம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று பெயர் வந்தது. ராமேசுவரம் போகிற வழியில் யார் வந்தாலும் சாப்பாடு, தங்க இடம், பிள்ளைகளுக்குப் படிப்பு, நோயாளிக்கு மருந்து, பிரசவத்துக்குப் பார்க்க ஆள் என்று சத்திரங்கள் அந்தக் காலத்தில் ஒரு சின்ன அரசாங்கமே நடத்தின. தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களில் பல அரச குடும்பத்துப் பெண்களின் பெயரில் இருப்பதைக் கவனிக்கலாம்.

தில்லையாடி வள்ளியம்மை தில்லையாடிக்கே வந்ததில்லையாமே?

உண்மைதான். 1898 பிப்ரவரி 22-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். தில்லையாடி, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய பெற்றோரின் பூர்விகம். கீழத்தஞ்சையிலிருந்து கடல் கடந்து போன குடும்பங்களின் பிள்ளை அவர்.

1913-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று கிறித்துவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்கிற மாதிரி தீர்ப்பளித்தது. ஒரே நாளில் இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் சட்டப்படி மனைவிகளே இல்லை என்றாகிவிட்டது. ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்தவர்கள் மீது வருடத்துக்கு 3 பவுண்டு தலைவரி வேறு. பெண்கள் அதுவரை போராட்டத்தில் இறங்கியதில்லை. அந்த வருடம் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்கு அனுமதியில்லாமல் எல்லை தாண்டினார்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசி வேலைநிறுத்தம் செய்ய வைத்தார்கள். வள்ளியம்மை தன் அம்மாவோடு போய்க் கைதானார். மூன்று மாதக் கடுங்காவல். மாரிட்ஸ்பர்க் சிறையிலேயே காய்ச்சல் பிடித்தது. விடுதலையாகி வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி, தன் பதினாறாவது பிறந்தநாளில் இறந்துபோனார்.

படுக்கையில் கிடந்தவரைப் பார்க்க வந்த காந்தி, சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்டார். வருத்தமா, இப்போது கைது செய்தாலும் போகத் தயார் என்பதுதான் பதில். காந்தியே பின்னால் இதை எழுதியிருக்கிறார். 1915-இல் அவர் இந்தியா திரும்பிய சில மாதங்களில் தில்லையாடிக்கு வந்தார். அந்தப் பெண் பார்க்காத ஊருக்கு அவருடைய பெயரைக் கொண்டுவந்து சேர்த்த மாதிரி இருந்திருக்கும். இப்போது அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் என்றால் கல்யாண உதவித் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அவர் யார்?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1883-இல் திருவாரூரில் பிறந்தார். மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறைக்குள் வளர்க்கப்பட்டார். ராஜராஜன் வீடும் நூறு கலம் நெல்லும் கொடுத்துக் குடியேற்றிய அந்தத் தெருக்களின் கதை, 900 வருடம் கழித்து எங்கே வந்து நின்றது என்பதை உள்ளிருந்து பார்த்தவர் அவர். சிறு பெண்களுக்குப் பொட்டுக் கட்டி தேவதாசி ஆக்குவதும், மிராசுதார்களின் வீடுகளைச் சுற்றி அவர்கள் வாழ்க்கை முடிந்துபோவதும் அவருக்குக் கேள்விப்பட்ட செய்தி அல்ல.

அவர் அதிலிருந்து வெளியே வந்தார். வந்ததோடு நிற்கவில்லை, மற்ற பெண்களையும் வெளியே கொண்டுவர வீடு வீடாகப் போனார். முதலில் காங்கிரஸ், 1925-க்குப் பிறகு பெரியாரோடு சுயமரியாதை இயக்கம். 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு பெண் ஐம்பது வயதுக்கு மேல் நாவல் எழுதி, தான் வளர்ந்த முறையையே அம்பலப்படுத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த படையில் போனார், சிறைக்கும் போனார். அப்போது அவருக்கு வயது 55.

சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேசியதும் கிராமங்களில் ராமாமிர்தம் பேசியதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ராமாமிர்தம் 1962-இல் இறந்தார்.

1989-இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2022-இல் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது, புதுமைப் பெண் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குத் தாலிக்குத் தங்கத்தைவிடக் கல்லூரிக் கட்டணம்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

பெங்களூர் நாகரத்தினம்மாள் இந்தப் பகுதிப் பெண்ணே இல்லையே, அவரை ஏன் சேர்க்க வேண்டும்?

பாடகி அவர். பிறந்தது மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூடு, வாழ்ந்து புகழ் பெற்றது பெங்களூரிலும் சென்னையிலும். கடைசியில் வந்து சேர்ந்தது திருவையாறு. கர்நாடக இசை மேதை தியாகராஜருடைய சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் பாட்டால் சம்பாதித்த காசைப் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1921-இல் வேலை தொடங்கி, சில வருடங்களில் குடமுழுக்கு. ஆனால் அங்கே ஆராதனை, அதாவது தியாகராஜர் நினைவு இசை விழா, நடத்திய ஆண்களின் குழுக்கள் (கட்சிகள் என்பார்கள்) அவரை அங்கே பாடவோ கதை சொல்லவோ விடவில்லை. பணம் அவருடையது, மேடை மட்டும் ஆண்களுடையது. சரி என்று பெண்களைத் திரட்டித் தனியாக ஓர் ஆராதனையே தொடங்கிவிட்டார், பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர். 1940-களின் தொடக்கத்தில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. இன்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாட ஆணும் பெண்ணும் கூடி உட்காருகிறார்களே, அதற்குப் பின்னால் இவர் இருக்கிறார். 1952-இல் இறந்தார். தியாகராஜரைப் பார்த்தபடி எதிரில் அவருடைய சமாதி இருக்கிறது.

மணலூர் மணியம்மாள் யார்? பாடப்புத்தகத்தில் பார்த்த நினைவில்லை.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான்.

திருவாரூர்ப் பக்கத்து மணலூர். பிராமணக் குடும்பம். வயதில் மிக மூத்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டு, இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். அந்தக் காலத்து வழக்கப்படி அக்ரகாரத்தின் உள்ளறையில் முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை. முதலில் காங்கிரஸ், கதர். அப்புறம் வயல் வேலை செய்யும் பள்ளர், பறையர் சேரிகளுக்குள் நடக்க ஆரம்பித்தார். அங்கே பார்த்ததற்குப் பிறகு அவரால் திரும்பிப் போக முடியவில்லை.

அந்தச் சேரிகளில் அன்று நடந்ததைச் சொன்னால்தான் அவர் செய்தது புரியும். பண்ணையாள் என்றால் குடும்பத்தோடு ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டவர். விடிவதற்கு முன்னால் வயலில் இறங்க வேண்டும். வேலைக்கு வரப் பிந்தினால் சவுக்கடி. மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாய் வழியாக வாயில் ஊற்றுவார்கள், அதற்குச் சாணிப்பால் என்று பெயர். குழந்தை பெற்ற பெண்ணும் பிள்ளையை வரப்பு மரத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டு நாற்றுப் பறிக்க வேண்டும், அழுதால் கரையேறிப் பால் கொடுக்க அனுமதி கேட்க வேண்டும்.

மணியம்மாள் தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார். புடவையைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டார். சைக்கிள் ஓட்டினார், சிலம்பம் கற்றுக்கொண்டார். இது வேடிக்கைக்காகச் செய்தது அல்ல. இரவில் வரப்பு வழியாகத் தனியே ஊர் ஊராகப் போகிற பெண்ணுக்கு ஒன்பது கஜம் புடவை ஒத்துவராது. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டினார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து சங்கம் வளர்த்த அதே வருடங்கள். 1944-இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஏற்பட்ட ஒப்பந்தங்கள்தான் சவுக்கடி, சாணிப்பாலுக்கு முற்றுப்புள்ளி வைத்தவை. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1953-இல், பூந்தாழங்குடியில், யாரோ வளர்த்த ஒரு மான் கொம்பால் குத்தி இறந்துபோனார். இவ்வளவு எதிரிகளைச் சம்பாதித்த ஒருவருடைய முடிவு இப்படி வந்தது. ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய், அவரை நேரில் பார்த்தவர்களிடம் கேட்டு, ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று நாவலாக எழுதியிராவிட்டால், கட்சிக்காரர்களைத் தவிர வெளியில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது.

வயலில் வேலை செய்த பெண்களே போராடவில்லையா? எப்போதும் வெளியிலிருந்து வந்தவர்கள்தானா?

அவர்கள் இல்லாமல் எந்தப் போராட்டமும் இல்லை. குறுவையோ சம்பாவோ தாளடியோ, நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெண்கள் வேலை. இடுப்பை வளைத்தபடி, பின்பக்கமாகவே நகர்ந்து, கட்டைவிரலால் நாற்றைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டே போவார்கள். முழங்கால் அளவு சேற்றில், மழையானாலும் நாள் முழுக்க. நாற்றுக்கு வயது ஏறினால் விளைச்சல் போய்விடும். அதனால் நடவு நாளில் பெண்கள் கரையேறி உட்கார்ந்துவிட்டால் மிராசுதார் இறங்கித்தான் வர வேண்டும். கூலிப் போராட்டத்தின் பூட்டும் சாவியும் அந்தச் சில நாள்களில்தான் இருந்தது. அப்படியிருந்தும் அவர்களுக்குக் கூலி ஆணைவிடக் குறைவு.

வெண்மணியில் என்ன நடந்தது?

1968 டிசம்பர் 25, இரவு. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் காரணம். மிராசுதார்களின் ஆட்கள் துப்பாக்கியோடு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழவெண்மணிச் சேரிக்குள் வந்தார்கள். ஆண்கள் பலர் தப்பி ஓட, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலமும் காரும் உள்ளவர்கள் நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்ப முடியாதது என்பது அந்தத் தீர்ப்பின் வாதம். சம்பவம் நடந்த சில நாள்களில் அங்கே போய், தப்பியவர்களிடம் பேசி, ஆங்கிலத்தில் விரிவாக எழுதியவர் மைதிலி சிவராமன். வெளி உலகத்துக்கு வெண்மணி தெரிந்ததில் அவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நினைவிடத்தில் 44 பேரின் பெயரும் இருக்கிறது. போனால் அவசரப்படாமல் நின்று ஒவ்வொரு பெயராகப் படியுங்கள்.

கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் செய்தது பூதானமா, போராட்டமா?

இரண்டும், அதற்கு மேலும். அவர் 1926-இல் திண்டுக்கல் பக்கத்து அய்யன்கோட்டையில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனை 1950-இல் மணந்தார். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று இருவரும் காத்திருந்தவர்கள். வினோபா பாவேயின் பூதான (நிலக்கொடை) இயக்கத்தில் நடந்து நடந்து நிலம் கேட்டார்கள். வெண்மணிச் செய்தி வந்ததும் கீழத்தஞ்சைக்கே வந்துவிட்டார்கள். வலிவலத்தில் நிலத்துக்காக நடத்திய சத்தியாகிரகம் அந்த வருடங்களில் பெரிய பேச்சு.

1981-இல் லாஃப்டி, அதாவது உழுபவனின் நில விடுதலை இயக்கம், தொடங்கப்பட்டது. அதன் வழி கேட்கச் சுலபம், செய்யக் கஷ்டம். நிலத்தை விற்க மனமுள்ள மிராசுதாரிடம் பேசி விலை படிய வைப்பது, வங்கிக் கடனும் அரசு உதவியும் வாங்குவது, நிலமில்லாத குடும்பத்துக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துக் கொடுப்பது. இப்படி 13,000 குடும்பங்களுக்குச் சுமார் 13,000 ஏக்கர். அந்தப் பத்திரங்கள் பெண்கள் பெயரில் எழுதப்பட்டன என்பதுதான் முக்கியம். ஆண் பெயரில் இருந்தால் குடித்தே அடமானம் போய்விடும் என்பது சேரிப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கையெழுத்துப் போடத் தெரியாத பெண், மை தோய்ந்த கட்டைவிரலைப் பத்திரத்தில் வைக்கிறாள். நாற்றைச் சேற்றில் அழுத்திய அதே கட்டைவிரல்.

2008-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கணவன் மனைவி இருவருக்கும் லாஃப்டிக்கும் கிடைத்தது. 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண்.

இறால் பண்ணைப் போராட்டமும் இவர்களுடையதுதானா?

ஆமாம். 1990-களில் கடலோர நெல் வயல்களை வாங்கி உப்புத் தண்ணீர் தேக்கி இறால் வளர்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வயல் உவரானது, குடிதண்ணீர் கெட்டது. நடவு வேலை போனதில் முதலில் அடி வாங்கியது பெண்கள். மறியலில் முன்னால் உட்கார்ந்ததும் அவர்கள்தான். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் உள்ள பண்ணைகளை அகற்றச் சொன்னது. பின்னால் 2005-இல் தனிச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு பெற்றுத் தொடர வழி செய்தது. அந்தப் பிரச்சினை இன்னும் முடியவில்லை.

சொந்தக் குடும்பத்து நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு எப்போது வந்தது?

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல், நாடு முழுக்க 2005-இல். ஊரில் நடப்பு வேறு. அண்ணன் தம்பி கேட்டால் அக்கா தங்கை இன்றும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்கிற பயத்தில்.

இந்த இடங்களை ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையில் இறங்கினால் மூவலூர் பக்கம்தான். அங்கிருந்து தில்லையாடி, தரங்கம்பாடி, காரைக்கால். மறுநாள் திருவாரூர், வெண்மணி, செம்பியன்மகாதேவி. கோனேரிராஜபுரத்தைக் கும்பகோணம் போகும் வழியில் சேர்த்துக்கொள்ளலாம். தை, மாசியில் போனால் அறுவடையைப் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் அறுக்கிறது.

எங்கள் ஊர்ப் பெண் ஒருவரைப் பற்றி எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

நடவுக்கு ஆள் கூட்டிப் போன மூத்த பெண் யார் என்று விசாரியுங்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். அவருக்குத் தெரிந்த நடவுப் பாட்டை ஃபோனில் பதிவு செய்யுங்கள், வெறுமனே பாடச் சொன்னால் வராது, வேலை செய்கிற நேரத்தில் தானாக வரும். கூலி அப்போது எத்தனை மரக்கால், எந்த மிராசு வயல், எந்த வருடப் புயல் என்று கேளுங்கள். தேதி நினைவில்லாவிட்டாலும் “கடைசிப் பையன் வயிற்றில் இருந்தபோது” என்று சொல்வார், அதை வைத்து வருடம் பிடிக்கலாம். பிறந்த ஊரையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், புகுந்த ஊரில் அதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பெயரை அவரிடமே கேளுங்கள். மாரிமுத்து பொண்டாட்டி என்றோ பெரியவன் ஆத்தா என்றோதான் தெருவில் சொல்வார்கள். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டு, ஒரு தடவை சிரித்துவிட்டுச் சொல்வார். எப்படிச் சொல்கிறாரோ, அப்படியே எழுதுங்கள்.